9 சங்கிலி அகலம், 45 சங்கிலி நீளம்

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு தங்கச்சி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். ஜெர்மனியில், மூனிச்சில் மகன் வீட்டுச் சமையலறை அலமாரியில்தான் இப்போது எங்கள் சாமி.

நீ ஊர் முகவரிக்குப் போட்ட இன்லண்ட் லெட்டரைப் பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். மூன்று தடவை படித்தேன். நில மறு அளவைக்குப் போன பையன்கள், நாம் நட்ட எல்லைக்கல்லில் பாதியைக் காணோம் என்கிறார்கள். 35 வருஷம் அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வெயிலில் அலைந்தது எதற்கு என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. எனக்கும் அந்த எண்ணம் வந்து போயிருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் பேரனுக்குப் பள்ளி விடுமுறை வந்தது. மகன் எங்களைக் குரோஷியாவுக்குக் கூட்டிப்போனான். அங்கே பார்த்ததை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஸ்பிளிட் துறைமுகத்தில் காரோடு கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஹ்வார் தீவு. கப்பல் நேராகக் கரையைத் தொடுவதில்லை. நீண்டு குறுகிய ஒரு வளைகுடாவுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் பைன் மரம் மூடிய குன்று, நடுவில் அசையாத தண்ணீர். அந்த வளைகுடாவின் உள்முனையில் இருக்கும் ஊர் ஸ்டாரி கிராட். ‘பழைய ஊர்’ என்றுதான் அர்த்தம். கி.மு. 384இல் ஈஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் இங்கே குடியேறி, ஃபாரோஸ் என்று பெயர் வைத்தார்கள். புயலுக்குத் தப்பி மரக்கலங்கள் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

ஊர் சின்னது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகள். கல் தரை காலடி பட்டுப்பட்டு, நம் கோயில் பிரகாரம் போல வழவழப்பாகிவிட்டது. சுற்றுலாக் கூட்டத்தில் பெரும்பகுதி தீவின் மறுபக்கத்து ஹ்வார் நகரத்துக்குப் போய்விடுகிறது. இங்கே காலையில் கிழவர்கள் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கரையோரம் ஒரு கோட்டை வீடு இருக்கிறது. பெயர் ட்வர்டால். 16ஆம் நூற்றாண்டில் பெதார் ஹெக்டரோவிச் என்ற கவிஞர் தனக்காகக் கட்டியது. துருக்கியர் கடல் வழியாக வந்து தாக்கிய காலம்; ஆபத்து வந்தால் ஊர் ஜனங்களும் உள்ளே வந்து தங்கட்டும் என்று நினைத்துக் கட்டினார். 1571இல் தாக்குதல் வரவும் செய்தது. வீட்டின் நடுவே வளைவுத் தாழ்வாரம் சூழ்ந்த ஒரு குளம். கடல் தண்ணீர் அதற்குள் வந்து போகிறது, மடவை மீன்கள் நீந்துகின்றன. பேரன் அங்கிருந்து நகரவே இல்லை. சுவர்களில் எங்கு பார்த்தாலும் கல்லெழுத்து, லத்தீனிலும் குரோஷிய மொழியிலும் இத்தாலியத்திலும். கழிப்பறைச் சுவரிலும் ஒன்று உண்டு: ‘உன்னை நீ அறிந்திருந்தால், ஏன் இந்தக் கர்வம்?’ அதைச் செதுக்க அவர் தேர்ந்தெடுத்த இடத்தை நினைத்து ரொம்ப நேரம் நின்றேன்.

அந்த மனிதர் பிரபு. 70 வயதை நெருங்கும்போது உள்ளூர் மீனவர் இருவரோடு மூன்று நாள் படகில் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். அதை 1556இல் ஒரு நீண்ட கவிதையாக எழுதினார். 1568இல் வெனிஸில் அச்சானது. பாஸ்கொயே, நிகோலா என்று அந்த மீனவர்களின் பெயரும் அதில் இருக்கிறது, அவர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டே பாடிய பாட்டும் மெட்டோடு பதிவாகியிருக்கிறது. நாம் வரைந்த நிலப் படங்களில், நம்மோடு சங்கிலி பிடித்த செயின்மேன்களின் பெயர் எங்காவது இருக்கிறதா, சுந்தரம்? முள்ளில் இறங்கிக் கல் தூக்கியவர்கள் அவர்கள். கையெழுத்து மட்டும் நம்முடையது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரின் கிழக்குப் பக்கம் ஒரு சமவெளி இருக்கிறது. தீவு முழுக்கப் பாறையும் மலையுமாக இருக்க, இங்கே மட்டும் தட்டையான நல்ல மண். பாரோஸ்காரர்கள் ஊரைக் கட்டிய கையோடு இந்த நிலத்தை அளந்து குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஸ்டேடியன் என்பது அவர்களுடைய நீள அளவு. ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்டேடியன் அகலம், ஐந்து ஸ்டேடியன் நீளம். மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 181க்கு 905. எழுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். அந்தக் கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, சுந்தரம்! நடுவில் ரோமானியர் வந்தார்கள், வெனிஸ்காரர் வந்தார்கள், ஆஸ்திரியர் வந்தார்கள், யுகோஸ்லாவியா வந்து போயிற்று. 2,400 வருஷமாக அதே கோட்டுக்குள் திராட்சையும் ஆலிவும் பயிராகின்றன. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்த வயல்வெளியைத்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து, பேரனின் நோட்டில் கணக்குப் போட்டேன். நம் பழைய 66 அடிச் சங்கிலியில் அகலம் 9 சங்கிலி, நீளம் 45 சங்கிலி. மிச்சம் சில சென்டிமீட்டர்தான். பரப்பு 405 சதுரச் சங்கிலி, 40 ஏக்கர் 50 சென்ட். தற்செயல்தான், எனக்குத் தெரியும். அந்தச் சங்கிலி 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது. இருந்தாலும் உடம்பு சிலிர்த்தது. சங்கிலி எண்ணிக்கொண்டே அந்த வரப்பில் நாம் இரண்டு பேரும் நடந்திருக்கலாம்.

மறுநாள் விடியற்காலையில் சமவெளிக்குப் போனோம். நேர் நேரான மண் பாதைகள், இரண்டு பக்கமும் இடுப்பளவு கல் சுவர். சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. ஓரிடத்தில் மழையில் சரிந்த சுவரை ஒரு பெரியவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவராக இருப்பார். இளவயதில் ஜெர்மனியில் வேலை பார்த்தவராம், அதனால் மகன் ஜெர்மனில் பேச முடிந்தது. அவர் கல்லை எடுத்து உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். எந்த முகம் வெளியே தெரியவேண்டும் என்று பார்க்கிறார் போல. வைத்ததும் கட்டைவிரலால் அழுத்தி, ஆட்டம் இருந்தால் அடியில் ஒரு சில்லைச் செருகுகிறார். கீழே இரண்டு கல் சேரும் இடத்துக்கு மேலேதான் அடுத்த கல். வெளிப்பக்கம் இரண்டிலும் பெரிய கல், நடுவில் பொடிக்கல். நான் நின்று பார்ப்பதைக் கண்டு ஒரு கல்லை என்னிடம் நீட்டினார். நானும் ஒன்று வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பி வைத்தார். நான்காவது கல்லுக்குத்தான் தலையாட்டினார்.

நான் நில அளவையில் இருந்தவன் என்று மகன் சொன்னதும் அவர் முகம் மாறியது. உங்கள் ஊரில் எல்லையை எப்படிக் குறிப்பீர்கள் என்று கேட்டார். கல் நடுவோம், நடுவில் மண் வரப்பு என்றேன். மண் வரப்பு நகராதா என்று கேட்டார். என்ன சொல்ல? உழவுக்கு உழவு அரைச்சாண் தின்பதை நாம் பார்க்காததா?

அப்போதுதான் எனக்கு அந்தச் சுவரின் சூட்சுமம் புரிந்தது. அந்த மண்ணில் எங்கே கொத்தினாலும் கல் வருகிறது. பயிர் செய்யவேண்டுமானால் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கேயாவது போட்டாக வேண்டும். தன் நிலத்தின் நடுவில் யார் போடுவார்? ஓரத்தில் போடுகிறார்கள், அடுத்த நிலத்துக்காரனும் அதே ஓரத்தில் போடுகிறான். சில இடங்களில் அந்தச் சுவர் மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு இருக்கிறது. மிஞ்சிய கல்லைக் குவித்த மேட்டுக்கு ‘கோமிலா’ என்று பெயர். அதே கல்லில் கூம்பு மாதிரி மூடிக் கட்டிய வட்டக் குடிசைக்கு ‘த்ரிம்’; மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க. என் வீட்டுக்காரிக்குத் தலைசுற்றல் வந்தபோது அதற்குள்தான் அரைமணி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. எல்லைக் கோட்டைப் போட்டவன் ஒருவன்தான், ஒரே ஒரு தடவைதான் போட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் கல் பொறுக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே போட்டுவந்திருக்கிறது. நகர்த்த வேண்டுமானால் ஆயிரக்கணக்கான வண்டிக் கல்லை நகர்த்த வேண்டும்.

நம் கற்கள் அப்படியில்லை. நாம் நட்டுவிட்டு ஜீப் ஏறினோம். அங்கே உழுகிறவனுக்கு அந்தக் கல் இடைஞ்சல். ஏர்முனையில் தட்டும், டிராக்டர் டயரைக் கிழிக்கும். பிடுங்கிப் போட்டதில் பாதி கெட்ட எண்ணத்தால் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். உன் மனசுக்கு இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

இன்னொன்று. இதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். கிரேக்கர்கள் வருவதற்கு முன் அந்தத் தீவில் ஆள் இருந்தார்கள். டியோடோரஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். முதலில் இருந்தவர்களை அவர்களுடைய அரணிலேயே இருக்கவிட்டு, கிரேக்கர்கள் கடலோரத்தில் ஊர் கட்டினார்கள். அது பிடிக்காத தீவுக்காரர்கள், எதிர்க்கரை இல்லிரியர்களைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் சின்னச் சின்னப் படகுகளில் வந்து தாக்கினார்கள். சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிராகூஸின் மன்னனுடைய கப்பல்கள் கிரேக்கர்களுக்கு உதவிக்கு வந்தன. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், இரண்டாயிரம் பேர் பிடிபட்டார்கள். அதற்கப்புறம்தான் அவ்வளவு நேரான கோடு. அந்தச் சமவெளியில் கிடைத்த கிரேக்க எல்லைக்கல் ஒன்றில் இன்னாரின் நிலம் என்று பெயரே வெட்டியிருக்கிறது: பித்தேயோஸ் மகன் மதியோஸ். அவன் பெயர் கிடைத்துவிட்டது. அவனுக்கு முன்னால் அங்கே ஆடு மேய்த்தவன் பெயர்? நாமும் எத்தனை ஊரில் ‘புறம்போக்கு’ என்று எழுதிவிட்டு வந்தோம், அங்கே குடிசை போட்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க. நாம் சட்டப்படிதான் செய்தோம். ஆனாலும் அந்தச் சுவரோரம் நின்றபோது ஒரு கிழவியின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீயும் கூட இருந்தாய். உனக்கும் தெரியும்.

சமவெளியில் இன்று எல்லா நிலமும் விளையவில்லை. நூறு வருஷத்துக்கு முன் ஃபைலோக்செரா என்ற பூச்சி திராட்சை வேரை அழித்தது. பிழைப்புத் தேடி ஜனங்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். புதர் மண்டிய துண்டுகள் நிறைய. பெரியவரின் பிள்ளைகளும் வெளியூரில்தான். சுவரை யார் பார்ப்பார்கள் என்று மகன் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அடுத்த கல்லை எடுத்தார்.

ஊருக்குத் திரும்பி ‘பாப்ரென்யாக்’ என்ற பிஸ்கட் வாங்கினோம். தேனும் குங்குமப்பூவும் மிளகும் போட்டுச் செய்வது. ஹெக்டரோவிச் படகில் போனபோதே இது இருந்ததாம். பெயரிலேயே மிளகு இருக்கிறது. அந்தக் காலத்தில் வெனிஸ் சந்தைக்கு மலபார்க் கரையிலிருந்தும் மிளகு போகும். முதல் கடியில் தேன், பிறகு தொண்டையில் நம் காரம். உனக்கு ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறோம். வந்த வாரமே உன்னிடம் வருவேன். ஆபீஸில் கழித்துப்போட்டபோது நீ ஏலத்தில் எடுத்தாயே ஒரு சங்கிலி, அது பரணில் கிடந்தால் இறக்கித் துரு துடைத்து எண்ணெய் போட்டு வை. நம் பழைய செயின்மேன் இன்னும் அதே தெருவில்தானே இருக்கிறார்? அவரையும் வரச் சொல். பேரன் கூட வருகிறான். 45 சங்கிலி எவ்வளவு தூரம் என்று அவனுக்குக் காலால் காட்ட வேண்டும். உன் வீட்டு வாசலிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் வரும் என்று நினைக்கிறேன். முன்முனையை அவர் பிடிக்கட்டும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கோபால்