வெளிநடப்புக்குப் பிறகு மன்றத்தில் நடப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். நகர்மன்றக் கூட்ட அரங்கின் வாசற்படியில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நான்கு பேர் காலிக் குடங்களோடு நின்று முழக்கமிடும் படம் அது. குடிநீர்ப் பிரச்சினைக்காக வெளிநடப்புச் செய்தார்கள் என்று கீழே ஏழெட்டு வரிச் செய்தியும் இருந்தது. அவர்கள் வெளியேறிய பின் அரங்கினுள் என்ன நடந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வேறொரு நகராட்சியில் மன்றப் பிரிவு எழுத்தராக இருந்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பல ஆண்டுகள் என் கையாலேயே எழுதி ஓய்வுபெற்றவன் நான். அந்த விடுபட்ட பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுந்து வெளியே போனதும் அரங்கில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழும். பிறகு தலைவர் கூட்டப் பொருள் கட்டைக் கையில் எடுத்து, 'ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை' என்பார். 'ஆல் பாஸ்' என்ற குரலும் மேசையைத் தட்டும் ஓசையும் சேர்ந்தே கேட்கும். அலுவலக உதவியாளர் தேநீரும் காராசேவும் கொண்டு வருவதற்குள் அறுபத்து நான்கு பொருள்களும் நிறைவேறியிருக்கும். அவற்றில் தெருவிளக்குப் பராமரிப்பு, குப்பை வண்டிகளுக்கான பழுதுநீக்கச் செலவு, தினசரிச் சந்தைக் கடைகளின் ஏலம், அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியோடு ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட வேலைகளுக்கான ஒப்புதல் என எல்லாமே அடங்கும். 'மன்றம் அனுமதித்தது' என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுவது என் வேலை. யாராவது உள்ளே இருந்து எதிர்த்திருந்தால் அந்த வரி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். வெளியே நின்று முழக்கமிட்டவர்களின் குரல் குறிப்பேட்டை எட்டுவதில்லை. 'வெளிநடப்புச் செய்தனர்' என்ற இரண்டு சொற்களோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடும்.

வெளிநடப்பு என்பது சட்டமன்றத்திலிருந்து நகர்மன்றம் கடன் வாங்கிய வழக்கம். சட்டமன்றத்தில் அதற்குப் பொருள் உண்டு. அங்கே ஆட்சி நடத்துவது அமைச்சரவை. அதைக் கேள்வி கேட்பது எதிர்வரிசையின் பணி. தாங்கள் அந்த முடிவில் பங்கேற்கவில்லை என்பதை நாட்டுக்குச் சொல்ல அவர்கள் எழுந்து போகிறார்கள். நகர்மன்றத்தின் அமைப்பு அப்படிப்பட்டதன்று. செலவுக்கு ஒப்புதல் தருவதும் வரி விகிதத்தை ஏற்பதும் ஒப்பந்தப்புள்ளியை முடிவு செய்வதும் மன்றமே. தலைவருக்குத் தனி அதிகாரங்கள் இருந்தாலும், தீர்மானத்துக்கு வாக்களிக்கும் உரிமையில் ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் வேறுபாடு இல்லை. எனவே எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து போகும்போது, தன்னிடமும் ஒப்படைக்கப்பட்ட நிர்வாகத்தையே விட்டுவிட்டுப் போகிறார் என்பது என் எண்ணம். அவரைத் தேர்ந்தெடுத்த வார்டு மக்களின் பெயர் அந்த அறுபத்து நான்கு தீர்மானங்களில் எங்கும் இல்லாமல் போகிறது.

2006இல் அமைந்த எங்கள் மன்றத்தில் எதிரணியைச் சேர்ந்த பெண் உறுப்பினர் ஒருவர் இருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டுகளில் கணவர்மார்களே கவுன்சிலர்களாக நடமாடிய காலம் அது (இன்று இட ஒதுக்கீடு ஐம்பது விழுக்காடாக உயர்ந்த பிறகும் அந்தக் காட்சி முற்றாக மறைந்துவிடவில்லை). இந்த அம்மையாரின் கணவரோ கூட்டம் முடியும்வரை எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அம்மையார் கூட்டப் பொருளைப் பென்சிலால் கோடிட்டுப் படித்துவிட்டு வருவார். பெரும்பாலும் கூட்டத்துக்கு முந்தைய இரவுதான் அந்தக் கட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். பொருள் விவரத்தோடு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தும், எதிரணியினருக்கு மட்டும் சைக்கிள் தாமதமாகவே போகும் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த இரகசியம். அந்தத் தாமதத்துக்கு நானும் உடந்தையாக இருந்திருக்கிறேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு கூட்டத்தில் தெருவிளக்கு தொடர்பான பொருள் ஒன்று வந்தது. அவருடைய வார்டில் மாற்றப்பட்டதாகக் காட்டப்பட்ட குழல் விளக்குகளின் எண்ணிக்கையைப் படித்தவர், பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு மின்கம்பத்தின் எண்ணையும் அதில் எழுதி வைத்திருந்தார். 'என் வார்டில் இருக்கிற கம்பமே இத்தனைதான். கம்பத்தைவிட விளக்கு அதிகமாக இருப்பது எப்படி?' என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவும் இல்லை, கட்சித் தலைவர் பெயரைச் சொல்லவும் இல்லை. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து சிரிப்பும் கேலியும் எழுந்தன. பொறியாளர் அளவைப் புத்தகத்தைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் புரட்டினார். கடைசியில் அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு அது தொகை குறைந்து திரும்பி வந்தது. மறுநாள் நாளிதழ் எதிலும் இந்தச் செய்தி இல்லை. அதே கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர் மேசைமீது ஏறி நின்ற படம் மட்டும் வந்திருந்தது.

இப்படிக் கேட்கும் உறுப்பினர்கள் அரிதாகிப்போனதற்கு முதற்காரணம் எண்ணிக்கை. 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணிக்கே போயின. சென்னையின் 200 வார்டுகளில் அதிமுக வென்றவை 15. கோயம்புத்தூரின் 100 வார்டுகளில் மூன்றே மூன்று. இதே கோவை மாவட்டத்தில்தான் அதற்கு ஓராண்டு முன்னர், 2021 சட்டமன்றத் தேர்தலில், பத்துத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றிருந்தது. ஓராண்டுக்குள் மக்களின் மனம் இவ்வளவு தூரம் மாறியதா, அல்லது மாநிலத்தில் யார் ஆட்சியோ அவர்களுக்கே உள்ளாட்சியையும் கொடுத்தால்தான் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டார்களா என்பதை அவரவர் அனுபவத்துக்கு விடுகிறேன். இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. 2011இல் அன்றிருந்த பத்து மாநகராட்சிகளின் மேயர் பதவிகளையும் அதிமுகவே வென்றது. திமுகவும் ஒரு காலத்தில் எதிர்வரிசையிலிருந்து மன்ற நடைமுறை பயின்றதுதான். 1959இல் சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றியது அதன் வரலாற்றில் ஒரு திருப்பம். அந்தப் பயிற்சியின் அருமையை அவர்களைவிட யார் அறிவார்?

எதிரணி இல்லாத மன்றம் அமைதியாக நடக்கும் என்று எண்ணுவோருக்குத் திருநெல்வேலி ஒரு பாடம். அங்குள்ள 55 வார்டுகளில் அதிமுக பெற்றவை நான்கு. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் ஆளுங்கட்சி உறுப்பினர்களே தங்கள் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கோரினார்கள். அதற்கெனக் கூட்டப்பட்ட நாளில் உறுப்பினர்கள் வராததால் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நெல்லை மேயரும் கோவை மேயரும் பதவி விலகினார்கள். மன்றத்தில் எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால் கேள்வி மறைந்துபோவதில்லை. அது கட்சி அலுவலகத்துக்கும் அமைச்சர் வீட்டுக்கும் இடம் மாறுகிறது. வார்டு மக்கள் அங்கே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார முடியாது என்பதுதான் வேறுபாடு.

எதிர்ப்பு எப்படி வெற்றுச் சடங்காகிறது என்பதற்குச் சொத்து வரியைவிட நல்ல சான்று கிடைக்காது. 2018இல் அதிமுக அரசு வரியை உயர்த்தியபோது திமுக தெருவில் இறங்கிப் போராடியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில், நகர்ப்புறத் தேர்தல் முடிந்த சூட்டோடு, திமுக அரசு 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியது. இம்முறை அதிமுக தெருவில் இறங்கியது. மன்றங்களில் வெளிநடப்புகள் நடந்தன, தீர்மானங்கள் நிறைவேறின. உள்ளே உட்கார்ந்து, எங்கள் ஊரில் நிலுவையில் கிடக்கும் பெரும் வணிகக் கட்டடங்களின் வரி எவ்வளவு, அதை வசூலித்தால் ஓட்டு வீட்டுக்காரருக்கு எத்தனை விழுக்காடு குறைக்கலாம் என்று கணக்கோடு கேட்டவர்கள் எத்தனை பேர்? யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதைக் காட்டும் கேட்புப் பட்டியல் வருவாய்ப் பிரிவு அலமாரியில்தான் இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இலிருந்தே நடைமுறையில் உள்ளது. சாதாரணக் குடிமகனே கேட்டுப் பெறக்கூடியதை உறுப்பினர் கேட்க என்ன தடை?

எதிர்க்கட்சி உறுப்பினரின் சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் வார்டுக்கு வேலை ஒதுக்குவதில் காட்டப்படும் பாகுபாடு கண்கூடு. பக்கத்து வார்டில் பேவர் பிளாக் இரண்டாம் முறை மாற்றப்படும். இவர் வார்டில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூன்று மழைக்காலம் கண்டும் மூடப்படாது. வாக்களித்தவர்கள் அவரிடம்தான் கோபித்துக்கொள்வார்கள். ஒரு நாள் அவர் சால்வை போர்த்திக்கொண்டு ஆளுங்கட்சியில் சேர்ந்த படம் வரும், அடுத்த மாதமே பள்ளம் மூடப்படும். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான் பொருந்தும். மகாராஷ்டிரம் 1986இலும் கர்நாடகம் 1987இலும் கேரளம் 1999இலும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கென்றே கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. அதைக் கேட்டு எந்தக் கட்சியும் போராடியதாக என் நினைவில் இல்லை. இன்று தாவுகிறவரை இழப்பவர்கள் நாளை அவரைப் பெறப்போகிறவர்கள் என்பதால் இருக்கலாம். சென்னை மாநகராட்சியில் இருப்பதுபோல ஒவ்வொரு உறுப்பினருக்கும் வார்டு மேம்பாட்டு நிதியைச் சமமாக ஒதுக்கும் முறை சிறு நகராட்சிகளிலும் உறுதியாக நடைமுறைக்கு வந்தால் சால்வைக் கடைக்காரருக்கு வியாபாரம் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உறுப்பினர்கள் 2022 மார்ச் மாதத்தில்தான் பதவியேற்றார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலம், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தக் காலத்தில் நான் எழுதிய குறிப்பேடுகள் மிக அழகானவை. அடித்தல் திருத்தல் கிடையாது. 'ஒத்திவைக்கப்பட்டது' என்ற சொல்லே கிடையாது. ஒரே கையெழுத்து, ஒரே மை. கூச்சல் குழப்பமில்லாமல் வேலை நடக்கிறது என்று எங்களில் பலர் அப்போது மகிழ்ந்தோம். பொதுமக்கள் மனுவோடு யாரிடம் போவது என்று தெரியாமல் தபால் பிரிவு வாசலில் நின்றார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளில் 2025 ஜனவரியில் அந்தத் தனி அலுவலர் காலம் திரும்பவும் தொடங்கியது.

1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் கால் நூற்றாண்டு உறங்கிவிட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வார்டுக் குழு, பகுதி சபை என்று பெயரளவில் அமைப்புகள் உள்ளன. அவற்றைவிட எளிதான ஒன்றைக் கேட்கிறேன்: கூட்டப் பொருளையும் நடவடிக்கைக் குறிப்பையும் ஒவ்வொரு நகராட்சியும் கூட்டத்துக்கு முன்னும் பின்னும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும், தன் இணையதளத்திலும் ஏற்றட்டும். எதிரணி உறுப்பினர் இரவோடு இரவாகப் படிக்க வேண்டிய கட்டாயமும் இருக்காது. படிக்காமல் வந்தால் வார்டுக்காரர்களே பிடித்துக்கொள்வார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நகர்மன்றக் கூட்டத்துக்கு வரும் செய்தியாளர்கள் வெளிநடப்பைப் படமெடுத்தவுடன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். படத்துக்கு இடம் கிடைக்கும் என்பது உறுதியாகத் தெரிவதால்தான் குடமும் கறுப்புச் சட்டையும் மன்றத்துக்கு வருகின்றன. அடுத்த மாதக் கூட்டத்தில் தங்கள் செய்தியாளர் கடைசிவரை பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும். எத்தனை பொருள்கள் வைக்கப்பட்டன, எத்தனை நிமிடத்தில் நிறைவேறின, எந்தெந்தப் பொருளின்மீது எந்த உறுப்பினர் என்ன கேட்டார், அலுவலர் என்ன பதில் சொன்னார் என்பதை அதே ஏழெட்டு வரிகளில் வெளியிடுங்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அதையும் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி மன்றப் பிரிவு எழுத்தர்,
கோயம்புத்தூர் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், வெளியிட வேண்டாம்.)