லமார்த்தின் சதுக்கத்து முப்பது பேருக்கு

தெற்கு பிரான்ஸில் ஆர்ல் நகரத்து லமார்த்தின் சதுக்கவாசிகளுக்கு, குறிப்பாக அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட முப்பது பேருக்கு,

வணக்கம். நீங்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரப் போவதுமில்லை. ஆனால் உங்களைப் பற்றி ஊராரிடம் பேசுவதைவிட, சொல்ல வேண்டியதை உங்களிடமே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று படுகிறது.

1889 பிப்ரவரி கடைசியில் நீங்கள் மேயருக்குக் கொடுத்த மனுவைப் படித்தேன். சதுக்கத்தில் குடியிருக்கும் ஓவியர் ஒருவருக்குப் புத்தி சுவாதீனமில்லை, அளவுக்கு மீறிக் குடிக்கிறார், குடித்துவிட்டால் என்ன பேசுகிறோம் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரிவதில்லை, பெண்களும் குழந்தைகளும் பயப்படுகிறார்கள், ஆகவே அவரைக் குடும்பத்தாரிடம் அனுப்புங்கள், இல்லையென்றால் மனநல விடுதியில் சேருங்கள். இவ்வளவுதான் சாரம். மனு என்ற அளவில் குறை சொல்ல முடியாது. பணிவாக, முறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பெயரைத்தான் கோட்டை விட்டுவிட்டீர்கள். 'வூட்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'வின்சென்ட்' என்று போட்டிருக்கிறீர்கள்.

அவர் பெயர் வின்சென்ட் வான்கோ. பிரெஞ்சுக்காரர் வாயில் அது நுழையாது என்று தெரிந்துதான் அவரே தன் படங்களில் வெறுமனே 'வின்சென்ட்' என்று கையெழுத்திட்டார். சரி, அதை விடுங்கள். ஆனால் பத்து மாதமாக அந்தச் சதுக்கத்திலேயே உண்டு உறங்கிய ஒருவரை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லும்போது, அவர் பெயரை ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்கக்கூட உங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். முந்தைய டிசம்பர் 23 இரவு நடந்தது யாரையும் கலங்கடிக்கும். ஒன்பது வாரம் ஒரே வீட்டில் இருந்த சக ஓவியர் பால் கோகனோடு சண்டை, சவரக்கத்தி, அறுந்த காது, அதைத் தாளில் சுற்றிக்கொண்டு விலைமாதர் விடுதிக்குப் போய் ஒரு பெண்ணிடம் கொடுத்தது. உங்கள் உள்ளூர்ப் பத்திரிகையே அதைச் செய்தியாகப் போட்டது. காதின் நுனி மட்டும்தான் போனது என்று பின்னாளில் பலர் பூசி மெழுகினார்கள். சிகிச்சை செய்த டாக்டர் ஃபெலிக்ஸ் ரே தன் கையால் போட்ட ஒரு படம் 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஏறக்குறைய முழுக் காதும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இப்படிச் செய்தால் யாருக்கும் தூக்கம் வராது. போலீஸ் விசாரணையில் ஒரு தையற்காரப் பெண், அவர் தன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் அச்சத்தை, இவர் பெரிய ஓவியர் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நீங்கள் படித்திருக்க முடியாத ஒரு கடிதத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். மனுவுக்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி தொடக்கத்தில், தம்பி தியோவுக்கு அவர் எழுதியது. அதில் உங்களைப் பற்றி வருகிறது. அக்கம்பக்கத்தார் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார்கள், இங்கே எல்லோருக்கும் காய்ச்சலோ பிரமையோ பைத்தியமோ ஏதாவது ஒன்று இருக்கிறது, அதனால் ஒரே குடும்பத்து ஆட்கள்போல ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்.

ஒரே குடும்பமாம். மனுவை விட்டுவிட்டு இந்த வரியையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அவருக்காக வாய் திறந்து பேசக்கூடிய ஒருவர் அப்போது ஊரில் இல்லை. ரயில் நிலையத்துத் தபால் ஊழியர் ஜோசப் ரூலன், ஜனவரி கடைசியிலேயே மார்செய்க்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாதம் 135 பிராங்க் சம்பளத்தில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திய மனிதர். காது சம்பவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததும், தியோவுக்குத் தகவல் எழுதியதும் அவர்தான். அந்தக் குடும்பத்தை வின்சென்ட் இருபதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்தார், கைக்குழந்தை உட்பட. ரூலன் ஊரில் இருந்திருந்தால் அந்தத் தாளில் முப்பது கையெழுத்து விழுந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அப்புறம் அந்த வீடு. சதுக்கத்தில் 2-ஆம் எண், மஞ்சள் பூச்சு, மாத வாடகை 15 பிராங்க். அதே கட்டடத்தின் மறுபாதியில் மளிகைக் கடை. அவர் முதல் முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, வீட்டுக்காரர் அந்த இடத்தைப் புகையிலைக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் பேசிவிட்டார். ஜனவரியில் வின்சென்ட் இதைத் தியோவுக்கு எழுதியிருக்கிறார். உங்கள் மனுவுக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் முடிச்சுப் போட என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் ஒரு குடியிருப்பில் யாரையாவது காலி செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், மற்றவர்களின் பயம் அவருக்கு எவ்வளவு வசதி என்பது வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வின்சென்ட்டுக்கு உங்கள் ஊர்ச் சட்டத்தின்மேல் நம்பிக்கை இருந்தது. வந்த புதிதில் தங்கியிருந்த விடுதிக்காரர் கூடுதலாகப் பணம் கேட்டபோது, அவர் கத்தியை எடுக்கவில்லை. நீதிபதியிடம் போனார். கணக்கில் 12 பிராங்க் குறைந்தது. அதே ஊரில் ஒரு வருடம்கூட ஆகாமல், விசாரணையில் குற்றம் எதுவும் நிரூபணம் ஆகாமல், அவரை ஆஸ்பத்திரியில் தனியறையில் பூட்டிக் காவல் போட்டார்கள். வீட்டையும் போலீஸார் பூட்டிவிட்டார்கள்.

மார்ச் 19-இல் அவர் தியோவுக்கு எழுதியதும் உங்களைப் பற்றித்தான். ஒரு தனி மனிதனுக்கு எதிராக, அதுவும் ஒரு நோயாளிக்கு எதிராக, இத்தனை பேர் கோழைத்தனமாகச் சேர்ந்துகொண்டார்கள் என்று தெரிந்தபோது நெஞ்சில் அடி விழுந்தாற்போல இருந்தது என்கிறார். கையெழுத்துப் போட்டவர்கள் எண்பதுக்கும் மேல் என்று எழுதுகிறார். நீங்கள் முப்பது பேர்தான். பூட்டிய அறைக்குள் இருந்த மனிதருக்கு நீங்கள் எண்பது பேராகத் தெரிந்திருக்கிறீர்கள். உங்கள் மேயருக்கு அவர் கொடுத்த பதிலும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நான் தண்ணீரில் குதித்தால் இந்த நல்லவர்களுக்குத் திருப்தி என்றால் குதிக்கத் தயார், ஆனால் காயம் செய்துகொண்டது என்னை நானே, அவர்களுக்கு நான் எதுவும் செய்யவில்லை. கோபப்பட்டால் ஆபத்தான பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்பதால் பொறுமையாக இருக்கிறேன் என்றும் எழுதுகிறார். புத்தி பேதலித்தவர் எழுதிய கடிதமா இது என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சில நாள் கழித்து ஓவியர் பால் சின்யாக் அவரைப் பார்க்க வந்தார். இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். பூட்டைப் போலீஸார் நாசமாக்கி வைத்திருந்ததால், தகராறு செய்துதான் உள்ளே போக முடிந்தது. ஞாபகார்த்தமாகச் சின்யாக்குக்கு ஒரு சின்னப் படம் கொடுத்தார். புகையில் வாட்டிய இரண்டு ஹெரிங் மீன்கள். உங்கள் ஊரில் போலீஸ்காரர்களுக்குப் பட்டப்பெயரே அந்த மீன்தானாம். அந்தப் படத்தைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் வேறு. எத்தனையோ பேர் எழுதிய சோகச் சித்திரத்தில் இந்த மனிதரின் குறும்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தெரியவில்லை.

பூட்டிய வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். ரோன் ஆற்றில் வெள்ளம் வந்து, வீட்டுக்குச் சில அடி தூரம் வரை தண்ணீர் ஏறியது. வாரக்கணக்கில் கணப்பு மூட்ட ஆள் இல்லை. சுவரெல்லாம் நீர் கசிந்து உப்புப் பூத்தது. உள்ளே சில படங்கள் வீணாயின. அவருக்கு மிகப் பிடித்த படுக்கையறைப் படமும் ஈரத்தில் பழுதானது. அதனால்தான் அதை அவர் மறுபடி வரைந்தார். அம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்புவதற்காகச் சிறியதாக இன்னொன்றும் வரைந்தார். இன்று ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ் என்று மூன்று ஊர்களில் அதே கட்டில், அதே மஞ்சள் நாற்காலிகள். அறைக்குப் போக முடியாதவர் அதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ஸ்டுடியோ மட்டுமல்ல, நினைவாக இருந்திருக்க வேண்டிய படங்களும் மூழ்கிவிட்டன என்று அவர் தியோவுக்கு எழுதியபோது உங்களைத் திட்டவில்லை.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருமுறை அப்படியொரு தாளில் கையெழுத்துப் போட்டவன். மேல் வீட்டில் ஒருவர் இரவில் சத்தம் போடுவார், படிக்கட்டில் நின்று தனக்குள் பேசுவார். ஒரு நாள் மாலை தாள் வந்தது. எனக்கு முன்னால் பதினொரு கையெழுத்து. பாதிதான் படித்தேன், பேனா கேட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பெயர் தாளில் சரியாக இருந்ததா என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை. அதனால் உங்களைக் கோழைகள் என்று அவர் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது. பயம் வந்தால் மனிதர்கள் கூட்டம் சேர்வார்கள். எனக்கு உறுத்துவது, முப்பது பேரில் ஒருவர்கூட அந்தக் கதவைத் தட்டி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை என்பதுதான்.

உங்களுக்குப் பின்னால் வந்த நாங்கள் ஒன்றும் ஒழுங்கில்லை. நீங்கள் பைத்தியம் என்று சொல்லி விரட்டினீர்கள். நாங்கள் பைத்தியம் என்று சொல்லி விற்கிறோம். சில வருடம் முன்பு ஒரு கலைக்கூடக் கடையில் காது வடிவ அழிப்பான் விற்றார்கள். ஆளுக்காள் திட்டிய பிறகுதான் எடுத்தார்கள். பைத்தியம் பிடித்ததால்தான் அப்படி வரைந்தார் என்பது எங்கள் காலத்துக் கட்டுக்கதை. உண்மையில் நோய் முற்றிய நாட்களில் அவர் பெரும்பாலும் வேலையே செய்யவில்லை. ஒரு தாக்குதலுக்கும் அடுத்த தாக்குதலுக்கும் இடையே, மனம் தெளிந்திருந்த நாட்களில்தான் உழைத்தார். உங்கள் ஊரில் இருந்த பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய 200 ஓவியங்கள். நீங்கள் பயந்த ஆள் நாள் முழுவதும் வயலில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தச் சதுக்கத்து மதுக்கடையை வரையும்போது மூன்று இரவு கண்விழித்து, பகலில் தூங்கி வரைந்தார். ஒரு மனிதன் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளவும் பைத்தியமாகவும் கூடிய இடமாக அதைக் காட்ட விரும்பினேன் என்று எழுதினார். அதற்கு மூன்றரை மாதம் கழித்து அவருக்கு நேர்ந்ததை நினைத்தால், அந்தப் படத்தின் சிவப்பையும் பச்சையையும் என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

டாக்டர் ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்போது 23 வயது. நல்ல மனிதர், அன்பாகவே கவனித்தார். நன்றிக்காக அவர் உருவத்தை வரைந்து கொடுத்தார் வின்சென்ட். அந்தக் குடும்பம் படத்தைக் கோழிக்கூண்டு ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். இப்போது அது மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்பாக இருந்தவர்கள் வீட்டிலேயே படத்தின் கதி அதுதான். அதனால் ஓவியத்தை மதிக்கவில்லை என்று உங்கள்மேல் குற்றம் சாட்டுவதில் அர்த்தமில்லை. நான் கேட்பது ஓவியத்துக்காக அல்ல. அவர் ஒரு படம்கூட வரையாத மனிதராக இருந்திருந்தாலும் இதே கடிதத்தை எழுத வேண்டியிருந்திருக்கும். எழுதியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மே 8-ஆம் தேதி அவர் தானாகவே சான் ரெமி மனநல விடுதியில் போய்ச் சேர்ந்தார். ஒரு வருடம் அங்கே. பிறகு பாரிஸுக்குப் பக்கத்தில் ஓவேர் கிராமம். 1890 ஜூலை 27-இல் துப்பாக்கிக் காயம், இரண்டு நாளில் மரணம். வயது 37. ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார். மஞ்சள் வீடு 1944 ஜூனில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் சேதமாகி, பிறகு இடிக்கப்பட்டது. உங்கள் மனு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஒன்றை மறந்துவிட்டேன். 1888 செப்டம்பரில் தியோ அனுப்பிய 300 பிராங்கில் அவர் அந்த வீட்டுக்கு இரண்டு கட்டில்களும், ஒரு கண்ணாடியும், 12 நாற்காலிகளும் வாங்கினார். தனியாக இருக்கும் மனிதருக்கு எதற்கு 12 நாற்காலி? ஓவியர்கள் வருவார்கள், தங்குவார்கள், எல்லோரும் சேர்ந்து உட்காருவோம் என்று கனவு. வந்தது கோகன் மட்டும்தான். வீட்டைக் காலி செய்தபோது சாமான்களை உங்கள் சதுக்கத்து மதுக்கடையில்தான் போட்டு வைத்தார். முப்பது பேரும் ஒரே நாளில் வந்திருந்தால் உட்கார இடம் போதியிருக்காது. மூன்று பந்தியாக வந்திருக்கலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட ஒருவன்