இறங்கித் தள்ளினேன், கஜா

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கஜா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கைதான். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன. நான் இடதுகைக்காரன் என்பது உனக்கு மறந்திருக்காது, அதற்காக வாங்கிய அடியில் பாதிக்கு நீ சாட்சி. நாள் முழுக்கச் சைக்கிள் ஹேண்டில்பாரில் உள்ளங்கையை ஊன்றி உட்கார்ந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி இப்படி ஆகுமாம். இப்போது பேனா நிற்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லோரும் நலம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்பது மட்டும் நாம் பள்ளிக்கூடம் போன காலத்து மாதிரியேதான். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடினாலும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை குறையவில்லை. விடியற்காலை நாலரைக்கே வண்டியை எடுத்தால்தான் கத்திவாக்கம் வரை தூசி தின்னாமல் போய் வரலாம். யானைகவுனிப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

“கொல்லிமலை ஏறினாயா, பாதியில் பஸ் மேல் ஏற்றினாயா?” என்று கேட்டிருந்தாய். ஏறினேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை.

சென்னையிலிருந்து நாமக்கல் வரை மூன்று நாள். முதல் நாள் விழுப்புரம், இரண்டாம் நாள் ஆத்தூர், மூன்றாம் நாள் ராசிபுரம் வழியாக நாமக்கல். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெயிலும் லாரியும்தான். நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கு நாமக்கல்லை விட்டு, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளிச் சோதனைச்சாவடிக்கு வந்தபோது ஏழு. அங்கிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று பலகை. எவன் யோசனையோ தெரியவில்லை. எண்ணாமல் ஏறலாம் என்று பார்த்தால் விடமாட்டார்கள்.

தண்டையார்பேட்டையில் மேடு என்று ஏதாவது உண்டா? ரயில்வே பாலம்தான் நமக்கு மலை. அதனால் ஒரு மாதம் பெரம்பூர் மேம்பாலத்தில் காலையில் பத்துத் தடவை ஏறி இறங்கிப் பழகினேன். வாக்கிங் போகிறவர்கள் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் பாலத்தில் ஏறியவுடன் இறக்கம் வந்துவிடும். மலையில் வராது, கஜா. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், ஏற்றம் மட்டும்தான்.

கணக்குச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்குமே. என் வண்டியில் முன்னால் சின்னச் சக்கரத்துக்கு 28 பல், பின்னால் பெரியதுக்கு 34. இதுதான் இருப்பதிலேயே லேசான கியர். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஒண்ணே முக்கால் மீட்டர் நகரும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அதற்குக் கீழே போனால் முன்சக்கரம் ஆட ஆரம்பிக்கும். கேரியரில் பதினான்கு கிலோ வேறு. அதில் இரண்டு கிலோ உன் தங்கச்சி கட்டிக்கொடுத்த முறுக்கு, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதல் இருபது வளைவு நன்றாகவே போனது. வளைவில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். உள்பக்கம் சுவர் மாதிரி செங்குத்து, வெளிப்பக்கம் சுற்று அதிகம், ஆனால் ஏற்றம் குறைவு. நாம் இடது பக்கம் போகிறவர்கள். வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிப்பக்கம் நமக்கு, சுகம். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்பக்கம் நம் தலையில். ஆக, ஒன்று விட்டு ஒன்று கொலை. அந்த வளைவுகளில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, மேலே வண்டிச் சத்தம் இல்லை என்று தெரிந்தால் மட்டும் வெளிப்பக்கமாகச் சுற்றிவந்தேன். மலைப்பாதையில் ஏறுகிறவனுக்குத்தான் வழி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு இறங்குகிற லாரிக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது?

இருபத்திரண்டில் பஞ்சர். வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பி, மயிர் மாதிரி மெல்லிசு. டியூபை மாற்றினால் போதும் என்று மாற்றினேன். டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. இருபத்து நான்கில் மறுபடியும் காற்றுப் போனது. கம்பி டயரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. முதல் டியூபுக்கு ஒட்டுப் போட உட்கார்ந்தால், பின்னால் குரங்கு முறுக்குப் பையைப் பிரித்துவிட்டது. நான் சொல்யூஷன் காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தேன், அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கேரியர் கொஞ்சம் இளைத்தது, அந்த வகையில் நன்றி.

நாற்பத்தொன்றில் காலிலிருந்து யாரோ பிளக்கைப் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டது. வலி இல்லை, வெறுமை. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டதோடு சரி. தசைகளில் சேர்த்து வைத்த சர்க்கரை, கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பசி எடுத்த பிறகு தின்றால் தாமதம். கடலை மிட்டாய் நான்கை மென்று தண்ணீர் குடித்தேன், கை நடுக்கம் நின்றது. ஆனால் கால் எழவில்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

இறங்கித் தள்ளினால் அது சைக்கிள் பயணமே இல்லை என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. விறகுக் கட்டோடு ஒரு பாட்டி வந்தார். “வண்டி கெட்டுப்போச்சா?” என்றார். இல்லை என்றேன். “அப்புறம் ஏன் இறங்கி நடக்குற?” பதில் சொல்வதற்குள் குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வளைவு சுற்றி நான் மேலே வந்தால், முன்னாலேயே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த வளைவிலும் அதே கதை. அதற்கப்புறம் நான் அவரைப் பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். கொத்தவால்சாவடி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போவதற்கு முந்தின காலம். மீன்பாடி வண்டியில், அந்த மூன்று சக்கரச் சைக்கிளில், காய்கறி மூட்டை ஏற்றி யானைகவுனிப் பாலத்தில் வருவாரே? நாமிருவரும் பின்னால் தள்ளி நாலணா வாங்குவோமே? “நேரா ஏத்தாதீங்கடா, சாய்ச்சு ஏத்துங்க” என்று கத்துவார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைத்து வளைத்துத்தான் வண்டியை ஏற்றுவார். மலையில் ரோடு போட்டவனும் அதையேதான் செய்து வைத்திருக்கிறான். அப்படி வளைத்தும் பாலத்து உச்சிக்கு முன்னால் அவர் இறங்கித்தான் தள்ளுவார். ஒரு நாளும் அதை ஒரு குறையாக அவர் நினைத்து நான் பார்க்கவில்லை. மிதித்துப் பிழைத்தவர். இறங்குவதும் அவருக்கு மிதிக்கிற வேலையில் சேர்த்திதான். பொழுதுபோக்குக்கு மிதிக்கிற நமக்குத்தான் இந்த மானப் பிரச்சினை எல்லாம். சண்டை போடுவதானால் நேரில் வா, கடிதத்தில் வேண்டாம்.

ஐம்பத்தைந்தில் மழை. மேலே போகப் போகக் குளிர், பல் கிட்டியது. தள்ளியது பாதி, மிதித்தது பாதி. கடைசி நான்கு வளைவு மட்டும் வீம்புக்கு மிதித்தேன். 70/70 பலகையைப் பார்த்தபோது மூன்றரை மணி. சோளக்காட்டில் இரண்டு டீ, நான்கு வாழைப்பழம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தவன். குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான். உட்காரமாட்டானா? ஏறினது குதிரைதானே.

மறுநாள் இறங்கியது இன்னும் மோசம். பிரேக்கைப் பிடித்தே வந்தால் ரிம் தொடமுடியாத அளவுக்குச் சுடுகிறது, டியூப் வெடித்துவிடும். பத்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவைத்தேன். விரல் மரத்தது அதில்தான் என்று நினைக்கிறேன். அங்கிருந்து சேலம், சேலத்தில் வண்டியை ரயிலில் பார்சல் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. சைக்கிள் ஓட்டலாம் என்றால் டிசம்பரில் ஏலகிரி போகலாம். உனக்கும் எனக்கும் நடுவழி. பதினான்கே வளைவு, முழுக்கத் தள்ளிக்கொண்டு போனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே இருப்போம். கும்மிடிப்பூண்டி போகிற வழியில் இருக்கிற நம் பொன்னேரி மாதிரியே, அடிவாரத்து ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பேர். நான் பொன்னேரியில் நிற்கிறேன் என்று சொன்னால், நீ பாட்டுக்குச் சென்ட்ரல் வந்து கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிவிடாதே.

முறுக்கு இல்லாமல் வருகிறேன்.

உன்,
தாஸ்