ஆவோன் பள்ளியின் தலைமையாசிரியரைப் பற்றி: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சமூக அறிவியலில் உங்கள் பிள்ளைகள் இப்போது இரண்டாம் உலகப்போர் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளைப் பாட ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பாடநூலில் பெயர் இல்லாத ஒருவரைப் பற்றி அன்று பேசப்போகிறேன். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. ஒரு பள்ளியின் தலைமையாசிரியரும்கூட. அவருடைய வரலாறு துயரத்தில் முடிகிறது. பிள்ளைகள் வீட்டில் வந்து கேள்வி கேட்பார்கள். நீங்களும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

லூசியன் புனெல் 1900-இல் பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில், பாரன்தன் என்ற ஊரில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1925-இல் குருப்பட்டம் பெற்று, லு ஆவ்ர் துறைமுக நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் மனம் நாடியதோ தனிமையும் செபமும் நிறைந்த துறவு வாழ்வை. அதற்காகக் கார்மேல் சபையில் சேர்ந்து, ஜாக் என்ற பெயரை ஏற்றார்; குருக்களைத் 'தந்தை' என்று அழைக்கும் வழக்கப்படி தந்தை ஜாக் ஆனார். ஆனால் அவருக்குள் இருந்த ஆசிரியரைச் சபை விட்டுவிடவில்லை. 1934-இல் பாரிசுக்குத் தென்கிழக்கே, ஃபோன்தேன்ப்ளோவை ஒட்டிய ஆவோனில் சிறுவர்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தது.

போர் மூண்டதும் படைக்கு அழைக்கப்பட்டு, ஜெர்மானியரிடம் கைதியாகி, விடுதலையாகித் திரும்பி 1941-இல் பள்ளியை மீண்டும் திறந்தார். அதற்குள் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று, நாடு மாறியிருந்தது. யூதர்கள் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. 1942 ஜூலையில் பாரிசிலும் அதன் புறநகரிலும் பிரெஞ்சுப் போலீசாரே வீடு வீடாகப் போய் இரண்டு நாளில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

அந்தச் சூழலில்தான் ஹான்ஸ் ஹெல்முட் மிஷெல், ஜாக் ஹால்பெர்ன், மோரிஸ் ஷ்லோசர் என்ற மூன்று யூதச் சிறுவர்களைத் தந்தை ஜாக் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். பள்ளியில் அவர்களுக்கு ழான் போனே, ஜாக் துப்ரே, மோரிஸ் சபாத்தியே என்று வேறு பெயர்கள். இன்னொரு யூதச் சிறுவன் பள்ளி வேலையாளாக வைத்துக்கொள்ளப்பட்டான். ஷ்லோசரின் தந்தைக்கு ஊரில் ஒரு வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். லூசியன் வைல் என்ற யூதத் தாவரவியல் அறிஞரைத் தம் பள்ளியிலேயே ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். இந்தக் கடைசிச் செய்தி என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. சட்டம் எந்த வேலையை யூதர்களிடமிருந்து பறித்ததோ, அதே வேலையை அந்த மனிதருக்குக் கொடுத்தார். ஒளிந்து கிடக்கும்படி சொல்லாமல், மாணவர்கள் முன்னே நிற்க வைத்தார்.

1944 ஜனவரி 15 அன்று கெஸ்டாபோ எனப்படும் நாஜி ரகசியப் போலீசார் பள்ளிக்குள் நுழைந்தார்கள். மூன்று சிறுவர்களும் பிடிபட்டார்கள். வைலையும் அவருடைய தாயையும் சகோதரியையும் அவர்கள் வீட்டிலேயே கைது செய்தார்கள். தந்தை ஜாக்கை அழைத்துச் சென்றபோது மாணவர்கள் அவருக்கு விடை சொன்னார்கள். "போய் வருகிறேன் பிள்ளைகளே, விரைவில் சந்திப்போம்" என்றார் அவர். பள்ளி மூடப்பட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 3 அன்று மூன்று சிறுவர்களும் வைல் குடும்பத்தாரும் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

தந்தை ஜாக் சிறைகளும் முகாம்களும் மாறி மாறி, ஆஸ்திரியாவின் மவுத்தாசன் முகாமுக்கும் அதன் கிளையான கூசெனுக்கும் கொண்டுபோகப்பட்டார். அங்கேயும் தம் பங்கு உணவைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார், நோயுற்றவர்களைக் கவனித்தார். 1945 மே மாதம் அமெரிக்கப் படை வந்து முகாமைத் திறந்தபோது காசநோய் முற்றி, ஏறத்தாழ 34 கிலோ எடையில் இருந்தார். ஜூன் 2 அன்று லின்ஸ் நகரில் இறந்தார். வயது 45. உடல் ஆவோனில் அடக்கம் செய்யப்பட்டது. யூதர்களைக் காக்க உயிரைப் பணயம் வைத்த பிற மதத்தாருக்குத் தரும் உயரிய சிறப்பை இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனம் 1985-இல் அவருக்கு வழங்கியது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது அந்த மூன்று சிறுவர்களும் இறந்துபோனார்கள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. தப்பித்தவர்களின் கதைகளை மட்டும் சொன்னால், நல்லது செய்தால் நல்லபடியே முடியும் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். பதினைந்து வயதில் உண்மையைத் தாங்க முடியும். அதைத் தனியாகத் தாங்கவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று எனக்கு இப்போதே தெரிகிறது. "பொய் சொல்லக் கூடாது என்கிறீர்களே, அவர் பொய்ப் பெயரில் பிள்ளைகளைச் சேர்த்தது சரியா?" சரிதான் என்று சொல்வேன். உண்மைப் பெயரைக் கேட்டவர்கள் கொல்வதற்காகவே கேட்டார்கள்.

இன்னொரு கேள்வியைப் பிள்ளைகளைவிட நீங்கள்தான் கேட்பீர்கள். அந்தப் பள்ளியில் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்களே, அவர்களுக்கும் ஆபத்துதானே? ஆபத்துதான். பல நூறு குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் எனக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கதவைத் தட்டிய மூவரும் படிக்கும் வயதுப் பிள்ளைகள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு அந்தத் தலைமையாசிரியர் எதைக் கற்பித்திருக்க முடியும்? நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம். அப்படியானால் அதைப் பிள்ளையிடம் காரணத்தோடு சொல்லுங்கள். "பரீட்சைக்கு வராதது, விடு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வீட்டில் அண்மையில் இறப்பு நேர்ந்திருந்தாலோ, பிள்ளை எளிதில் கலங்கும் இயல்புடையவராக இருந்தாலோ, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்; அவர்களோடு நான் முன்னதாகத் தனியே பேசிவிடுகிறேன். வகுப்புக்கு வர விரும்பும் பெற்றோரும் வரலாம். பின்வரிசையில் நாற்காலிகள் போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்