அம்மா தலையில சிக்கெடுத்த ரெண்டு அக்காமாருக்கு

எல்லாருக்கும் வணக்கம். இத ஒரு மாசம் முன்னாடியே எழுதியிருக்கணும், எழுத ஒக்காந்தாலே அழுக வந்துரும், அப்படியே தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. இப்பவும் ஒழுங்கா வருமான்னு தெரியல, முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த பத்தி தூத்துக்குடிக்காரங்களுக்கு நான் என்னத்த சொல்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டோம், அன்னைக்கு கரண்டும் கிடையாது சிக்னலும் கிடையாது, தண்ணி கட்டில் வர ஏறிட்டு, அம்மாவால எந்திரிக்க முடியாது, எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அம்மாவுக்கு வாதம் வந்து ரெண்டு வருசமாச்சு. வலது பக்கம் சுத்தமா வராது, பேச்சும் போயிட்டு.

மொதல்ல வள்ளத்த கொண்டு வந்து கட்டிலோட அம்மாவ தூக்கிட்டுப் போன மீனவ தம்பிமாருக்கு நன்றி, ஒங்க பேரு கூட கேக்கல நாங்க. சர்ச் ஸ்கூல் மாடிய தொறந்து விட்ட ஃபாதருக்கு, ராத்திரி முழுக்க டார்ச்ச வச்சிக்கிட்டு முழிச்சிருந்த சிஸ்டர்மாருக்கு, அன்பியம்னு சொல்ற சர்ச் குடும்பக் குழு வாரியா முறை வச்சு மூணு வேளையும் சமைச்சுப் போட்ட அம்மாமாருக்கு, மாதா சபை அக்காமாருக்கு, அரிசியும் பாயும் போர்வையும் கொடுத்த வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்களுக்கு, பால் பவுடரோட வந்த பள்ளிவாசல் பசங்களுக்கு, சுகர் மாத்திரைய தேடிக் கொண்டு வந்து கொடுத்த நர்ஸ் பொண்ணுக்கு, தண்ணி வடிஞ்சப்புறம் அந்த நாத்தத்துல எறங்கி சாக்கடைய அள்ளுன தூய்மைப் பணியாளர் அண்ணன்மாருக்கு, எல்லாருக்கும் கோடி நன்றி. உங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும். ஆனா இந்த மடல் வேற ஒரு விசயத்துக்காக.

அம்மாவுக்கு முடி ரொம்ப நீளம். 67 வயசுலயும் இடுப்ப தொடும். வாதம் வந்தப்புறமும் அந்த முடி மேல மட்டும் ஒரு கண்ணு, நான் சீவி விட்டு பின்னல முன்னாடி எடுத்துப் போட்டாதான் மூஞ்சி தெளியும். அந்த சாக்கடத் தண்ணியில நனைஞ்ச முடி நாலு நாளா காயாம, சீப்பு வைக்காம, சடையா ஒட்டிப் போச்சு. பேனும் வந்துட்டு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, சின்னவனுக்கு காய்ச்சல், வீட்டுக்காரர் வீட்ட பாக்க போயிட்டாரு, அம்மா தலைய திரும்பிப் பாக்க எனக்கு நேரமில்லங்கறதுதான் நெசம். அங்க வந்த ஒருத்தங்க பாத்துட்டு, "எதுக்கும்மா இது, மொட்ட அடிச்சு விட்ருங்க, சுத்தமா இருக்கும்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க நல்லதுக்குதான் சொன்னாங்க. ஆனா அம்மா காதுல விழுந்துட்டு. நல்லா இருக்குற இடது கையால தலைய பொத்திக்கிட்டே கெடந்தா, ராத்திரி தூங்கவே இல்ல.

மறுநாள் மத்தியானம் மரியாயின் சேனைங்கற கத்தோலிக்க சபையில இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. பேரு போட வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க, அதனால பெரியக்கா சின்னக்கான்னே எழுதுறேன். ஒவ்வொரு பாயா ஒக்காந்து பேசிக்கிட்டே வந்தாங்க. கையில ஒண்ணுமில்ல, பையும் இல்ல. பெரியக்கா அம்மா பக்கத்துல ஒக்காந்து, தலைய பொத்துன கைய பாத்துட்டு, என்கிட்ட கேக்கல, அம்மாகிட்டதான் கேட்டாங்க: "யக்கா, நான் சிக்கெடுத்து விடட்டா? ஒரு முடியயும் வெட்ட மாட்டேன்." அம்மா கைய எடுத்துட்டா.

எண்ணெய் இருக்கான்னு கேட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, எல்லாரும் கொண்டு வந்து கொடுக்குறாங்க, இவங்க நம்மகிட்ட கேக்குறாங்களேன்னு. அடுத்த பாயில இருந்த ஆச்சி தனக்கு வந்த நிவாரண கிட்ல இருந்த ரெண்டு எண்ணெய் பாக்கெட்ட எடுத்துக் கொடுத்தா. சின்னக்கா வீட்டுக்குப் போயி பல்லு அகலமா இருக்குற சீப்பும் பேன்சீப்பும் எடுத்துட்டு வந்தாங்க. அம்மா தலைய மடியில வச்சிக்கிட்டு, எண்ணெய விரலால தொட்டுத் தொட்டு, நுனியில இருந்து ஆரம்பிச்சாங்க. அதான் நான் பாத்து கத்துக்கிட்டது, நான் எப்பவுமே உச்சியில இருந்து இழுப்பேன், அம்மா மூஞ்ச சுளிப்பா. பெரியக்கா முடிக்கத்தைய நடுவுல இடது கையால இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, வேரு இழுபடாம, நுனியில ஒரு அங்குலம், அது விட்டதும் மேல இன்னொரு அங்குலம். மூணு மணி நேரம். கூட்டம், சத்தம், பிள்ளைங்க ஓடுது, மேல சாப்பாட்டு வரிச நிக்குது, அவங்க எந்திரிக்கவே இல்ல. கால் மரத்துப் போனப்ப சின்னக்கா மடிய மாத்திக் கொடுத்தாங்க, அம்மா தல தரையில படல.

கடைசியில ரெண்டா பின்னி முன்னாடி எடுத்துப் போட்டு விட்டாங்க. அம்மா அந்த இடது கையால ஒரு பின்னல எடுத்து மடியில வச்சு தடவிக்கிட்டே தூங்கிட்டா. அஞ்சு நாள்ல மொத தூக்கம்.

கெளம்பும்போது பர்ஸ்ல கெடந்த நூறு ரூபாய அவங்க கையில வைக்கப் போனேன், ஆட்டோவுக்காவது இருக்கட்டும்னு. சிரிச்சிக்கிட்டே கைய மடக்கி விட்டுட்டாங்க. அப்பதான் சொன்னாங்க, சேனைல பணமோ பொருளோ கொடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம், எவ்வளவு சின்னதா இருந்தாலும். "அரிசி பருப்பு கொடுக்க வேற சபை இருக்கு தங்கச்சி, நாங்களும் அன்பியத்துல சமைக்கத்தான் செய்யுதோம், ஆனா சேனை வேலைக்கு வரும்போது வெறுங்கையோடதான் வருவோம்." ரெண்டு ரெண்டு பேராத்தான் போவாங்களாம், வாரத்துக்கு குறைஞ்சது 2 மணி நேரம், போயிட்டு வந்து வாரக்கூட்டத்துல என்ன செஞ்சோம்னு வாயால சொல்லணுமாம். அந்த வாரம் எங்க அம்மா முடியும் அந்தக் கூட்டத்துல வந்துருக்கும்னு நெனச்சா எனக்கு என்னமோ பண்ணுது.

நாங்க மாரியம்மன கும்பிடுறவங்க. ஆனா ஆகஸ்ட் 5 திருவிழா வந்தா அம்மா பனிமய மாதாவ பாக்காம இருக்க மாட்டா, தூத்துக்குடியில யாரு இருப்பா. செபம் சொல்லட்டுமான்னு கேட்டுட்டுத்தான் சொன்னாங்க, அம்மா தலையாட்டுனா, ஒரு அருள் நிறைந்த மரியே, அவ்வளவுதான். எங்கள எதுக்கும் கூப்பிடல.

நிவாரணம் எல்லாம் ஜனவரி பாதியோட நின்னு போச்சு, அது யார் தப்பும் இல்ல, வந்தவங்களுக்கும் வீடு வாசல் இருக்குல்ல. வீட்டுக்குத் திரும்பி வந்தா செவுரு பூரா பூஞ்சக் காளான், கட்டில் ஊறி ஒடஞ்சு போச்சு, எதுல இருந்து ஆரம்பிக்கன்னே தெரியல. ஒரு செவ்வாக்கெழம சாயங்காலம் கதவ தட்டுறாங்க, பாத்தா பெரியக்காவும் சின்னக்காவும். எப்படி வீட்ட கண்டுபிடிச்சாங்கன்னு தெரியல. அன்னையில இருந்து எல்லா செவ்வாயும் வாராங்க. இப்பவும் வெறுங்கை. ஒருத்தர் அம்மாவுக்கு தல சீவுவாங்க, இன்னொருத்தர் நகம் வெட்டுவாங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க. பதில் வராதுன்னு தெரிஞ்சும் அம்மாகிட்ட கேள்வி கேப்பாங்க, அப்புறம் காத்துருப்பாங்க. நானே அத விட்டு ரொம்ப நாளாச்சு. பெத்த மக நான், பேச வராதவகிட்ட என்னத்த கேக்கன்னு மாத்திரைய கொடுத்துட்டு நகர்ந்துருவேன். அந்தக் குத்தம் நெஞ்ச அறுக்குது, அத இங்க சொல்லித்தான் ஆகணும்.

ஒரு நாள் பேச்சுவாக்குல எடெல் குயின்னு ஒரு அயர்லாந்து பொண்ணு கதைய அம்மாவுக்கு சொன்னாங்க. டிபி வந்து ஒடம்பு நொந்த பொண்ணு, 1936ல சேனை வேலைக்காக கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு தனியா போயி, ஊர் ஊரா அலைஞ்சு, 1944ல நைரோபியிலயே எறந்துட்டாளாம், 37 வயசு கூட ஆகல. சேனையே டப்ளின்ல 1921ல ஒரு சின்ன ரூம்ல, பிராங்க் டஃப்னு ஒருத்தரும் ஒரு சாமியாரும் தவிர மத்த எல்லாரும் பொம்பளைங்களா கூடி ஆரம்பிச்சதுதானாம். மொத வேலையே ஏழைங்க ஆஸ்பத்திரியில கெடந்த பொம்பளைங்கள போயி பாக்குறது. நூறு வருசத்துக்கு முன்னாடி அங்க எவளோ ஒருத்தி கட்டில் பக்கத்துல ரெண்டு பேரு போயி ஒக்காந்த பழக்கம், சுத்தி சுத்தி எங்க வீட்டு ஊறிப்போன கட்டில் வரைக்கும் வந்துருக்கு.

பெரியக்கா, சின்னக்கா, நீங்க இத படிப்பீங்களான்னு தெரியல, யாராவது காட்டுவாங்கன்னு நம்புறேன். நான் உங்க சபையில சேர முடியாது. ஆனா எனக்கும் வாரத்துல 2 மணி நேரம் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். எங்க தெருக்கோடியில எண்ணெய் கொடுத்த அந்த ஆச்சி தனியாத்தான் இருக்கா, மக வெளியூர்ல. போன வெள்ளிக்கெழம நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனோம். ஒண்ணும் கொண்டு போகல, ரொம்ப கூச்சமா இருந்துச்சு, வெறுங்கைய எங்க வைக்கன்னே தெரியல. ஆச்சி முட்டிவலிய பத்தி ஒரு மணி நேரம் சொன்னா, கேட்டோம். இனிமே எல்லா வெள்ளியும் போவோம், இத எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

செவ்வாக்கெழம நாலு மணிக்கே அம்மா இடது கையால பின்னல அவுக்க ஆரம்பிச்சிருவா. கொஞ்சம் சீக்கிரமா வாங்க. எண்ணெய் வாங்கி வச்சிருக்கேன்.