மேனேஜர் இல்லாத வேலை

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சரோ,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே அப்பா நலம். பசியாறிவிட்டுத் தினமும் நடந்தே பட்டணத்துக்குப் போய் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை.

"மேனேஜரே இல்லாமல், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு எப்படி வேலை நடக்கும்?" என்று கேட்டிருந்தாய். நடக்கிறது சரோ. ஆனால் மேனேஜரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை இனி யார் யார் பார்ப்பது என்று பேசி வைக்க வேண்டும். இல்லையென்றால் யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் பேர் இல்லாத மேனேஜர் ஆகிவிடுவார். அவரைவிடப் பேர் போட்ட மேனேஜரே மேல்.

நாங்கள் சின்னக் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்கிறோம். நான் இங்கே, சிலர் ஈப்போவிலும் தைப்பிங்கிலும், ஒருவர் கூச்சிங்கில், இருவர் கோயம்புத்தூரில். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பவர்கள். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக் காத்திருந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் யார் வேண்டுமானாலும் முடிவு எடுக்கலாம். ஆனால் அந்த முடிவு யாரைத் தொடுகிறதோ அவர்களிடமும், விஷயம் தெரிந்தவர்களிடமும் முதலில் கேட்க வேண்டும். யார் என்ன சொன்னார்கள், கடைசியில் ஏன் இப்படி முடிவானது என்பதைப் பொதுக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டத் தேவையில்லை. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஏஇஎஸ் என்ற அமெரிக்க மின் நிறுவனத்தில் டென்னிஸ் பேக்கி இப்படி நடத்தியிருக்கிறார்.

சமீபத்தில் ஒரு புதிய பதிப்பு திங்கட்கிழமை காலையில் வெளியாக இருந்தது. கிளினிக்குகளிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்கும் தைப்பிங் பெண், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், அதை நிறுத்தினாள். திங்கட்கிழமைதான் கிளினிக்கில் கூட்டம், அன்றைக்குப் போய் 'பதிவு' பொத்தான் இடம் மாறினால் கவுண்டரில் இருப்பவர் தடுமாறுவார், வரிசை வாசல் வரைக்கும் வந்துவிடும் என்று நாலு வரி எழுதினாள். புரோகிராமர்களிடம் கேட்டாள், புதன்கிழமை மத்தியானத்துக்கு மாற்றினாள். அவ்வளவுதான். எனக்கு அந்தக் குறிப்பைப் படித்தபோது அத்தனை சந்தோஷம். கம்பெனியின் நோக்கம் என்று சுவரில் மாட்டி வைக்கிறார்களே, எங்களுக்குச் சுவரே கிடையாது. அந்தக் கவுண்டர் பெண்ணை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும், அதுதான் நோக்கம். அதற்காகத்தான் புரோகிராமர்களும் முறை வைத்து அழைப்பு எடுக்கிறார்கள்.

பெரிய இடத்தில் இது நடக்காது என்பாய். நெதர்லாந்தில் வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பூர்ட்சோர்க் என்ற நிறுவனம் 2006இல் தொடங்கியது. இன்று பல ஆயிரம் நர்ஸ்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். யார் எந்த வீட்டுக்குப் போவது, யாரைப் புதிதாகச் சேர்ப்பது எல்லாம் அவர்களே பேசிக்கொள்கிறார்கள். துணைக்கு வரும் பயிற்சியாளர் ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

வேறு சில கம்பெனிகளில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க அடிக்கடி திரையைப் படம் பிடிக்கிறார்களாம். நம் அம்மாக்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பேர் கொடுக்க வரிசையில் நின்ற பெரட்டு மாதிரிதான் இதுவும். எந்த மரத்தில் பால் குறைகிறது என்று மரத்தடியில் நின்றவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்களிடம் யார் கேட்டார்கள்? மந்திரியாக இருந்த நம் ஊர் சம்பந்தன் கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களை மாதம் 10 வெள்ளி கட்டச் சொல்லி, அந்தப் பணத்திலேயே தோட்டம் வாங்கிக் காட்டினார். தொழிலாளியை நம்பலாம் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

சம்பளத்தை யார் முடிவு செய்வது என்பதில்தான் இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறோம். எல்லோர் சம்பளமும் எல்லோருக்கும் தெரியட்டும் என்பது என் கட்சி. கூச்சிங்காரருக்கு அதில் சம்மதமில்லை, அவர் சொல்லும் காரணமும் நியாயமானதுதான். வீட்டில் உறவுக்காரர்கள் கடன் கேட்டு வருவார்களாம். நீ கூலிமில் கூட்டுறவுக் கடைக்குக் கணக்குப் பார்த்தவள், அங்கே எப்படிச் சமாளித்தீர்கள்? விவரமாக எழுது.

அப்புறம், தீபாவளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அப்பா உன்னை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அன்புடன்,
மீனா