சிற்றூர்களை வறட்சி மட்டுமா காலி செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் நாலைந்து வீடுகளோடு நிற்கும் சிற்றூர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, 1930களின் வறட்சியே அவற்றைக் காலி செய்தது என்கிறது. வறட்சி வாட்டியது உண்மைதான். ஆனால் அந்த ஊர்கள் முளைத்ததும் தேய்ந்ததும் வண்டித் தொலைவால்தான்.

1872ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்றாண்டு குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் பட்டா. விளைந்த கோதுமையைக் குதிரை வண்டியில் ரயிலடிக்கு ஏற்றிப்போய் அன்றே வீடு திரும்ப வேண்டுமே! அதனால் 8, 10 மைலுக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். பெயரும் பல இடங்களில் ரயில் கம்பெனி சூட்டியதுதான். கிராண்ட் டிரங்க் பசிபிக் பாதையில் ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டுனா, ஜாஸ்மின், கெல்லிஹர் என ஆங்கில அகரவரிசையிலேயே ஊர்கள் வரும்.

ஊருக்கு உயிர் எலிவேட்டர் எனப்படும் மரக் களஞ்சியம். வண்டியை எடை போட்டு, தானியத்தைக் குழியில் கொட்டுவார்கள். வாளிகள் கோத்த பட்டை அதை உச்சிக்குத் தூக்கும். அங்கிருந்து குழாய் வழியாக அறைகளில் இறங்கும். தானியம் பக்கவாட்டில் நெட்டித் தள்ளும் என்பதால் சுவர்ப் பலகைகளைப் படுக்கையாக அடுக்கி ஆணியடித்தார்கள். பலமான கட்டுமானம்தான், ஆனால் தூசியும் காய்ந்த மரமும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். 1895இல் கட்டிய ஃபிளெமிங் ஊர் எலிவேட்டர் 2010இல் எரிந்தே போனது.

லாரி வந்ததும் பத்து மைல் கணக்கு பொருளிழந்தது. 1995இல் தானிய ரயில் கட்டணத்துக்கான மத்திய அரசு மானியமும் நின்றது. கிளைப் பாதைகளைப் பெயர்த்தார்கள். நூறு பெட்டி நிரப்பும் கான்கிரீட் முனையங்கள் வந்தன. எலிவேட்டர் மூடினால் கடை, தபால் நிலையம், பள்ளி என்று ஒவ்வொன்றாகப் போகும்.

இத்தகைய ஊரின் பழைய பதிவுகளைத் தேடுவோருக்கு ஒன்று. ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ரயிலுக்கு முன்பே ஏதாவதொரு பண்ணை வீட்டில் தபால் நிலையம் நடந்திருக்கும். தண்டவாளம் தள்ளிப் போனால் பெயரும் கூடவே போகும், கல்லறை பழைய இடத்திலேயே நிற்கும். நில எண்ணைப் பிடியுங்கள். வடமேற்கு 12-34-5-மேற்கு 3 என்றால் 12ஆம் செக்‌ஷனின் வடமேற்குக் கால்பகுதி; செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல் நிலம். அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே, டவுன்ஷிப் எனும் ஆறு மைல் சதுரக் கட்டங்களில் 34ஆவது. நில அளவைக்கு அடிக்கோடாக வைத்த மூன்றாம் தீர்க்கரேகைக்கு மேற்கே அந்தக் கட்டங்களின் 5ஆம் வரிசை. கடைசி எண்ணை விட்டுவிட்டு இரண்டாம் தீர்க்கரேகையிலிருந்து எண்ணினால் 250 கி.மீ.க்கும் மேல் தள்ளி, வேறு யாருடைய வயலிலோ நிற்பீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்